அடையாற்று முகத்துவாரமும் அயல்நாட்டு விருந்தாளிகளும்

பழைய மாணவர் சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நம் சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். கூடவே ஒரு கண்டிஷனும் போட்டார். "மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் எழுதிடாதப்பா. அதுக்கு ஏற்கெனவே நாலு கட்டுரை வந்து கிடக்கு!" சரி, சாம்பாரை மற்றவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் சேற்றைப் பற்றி எழுதுகிறேன்.

அடையாறு கடலில் கலக்கிற இடத்தில் கிடக்கும் சேறு அது. நம் கல்லூரியில் படித்த எல்லோரும் திரு.வி.க. பாலத்தின் மேல் ஒரு தடவையாவது பஸ்ஸில் போயிருப்போம். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போயிருப்போம் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பாலத்துக்குக் கிழக்கே, ஆகஸ்டு கடைசியிலிருந்து ஏப்ரல் முடிய, சைபீரியாவிலிருந்து வந்த விருந்தாளிகள் அந்தச் சேற்றில் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பற்றியும், அவர்களை உட்கார்ந்து எண்ணியவர்களைப் பற்றியும், பந்தி போடுகிற இடமே சுருங்கிப்போன கதையையும் எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். சிவில் என்ஜினீயருக்குப் பறவை எதற்கு என்று யாரும் சிரிக்க வேண்டாம். இந்தக் கதையில் பறவையை விட என்ஜினீயருக்குத்தான் பங்கு அதிகம்.

இடம்

அடையாறு பெரிய ஆறு அல்ல. மொத்த நீளமே ஏறத்தாழ 42 கிலோமீட்டர். தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள ஏரிகளின் உபரி நீரும் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் சேர்ந்து வந்து, நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று நகரத்தைச் சுற்றிக் கடலைத் தொடுகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஆறு அகன்று, குவிபிள் தீவைச் சுற்றி வடக்கே ஒரு கிளை விடுகிறது. அந்தக் கிளைதான் எல்லோரும் 'அடையாறு க்ரீக்' என்று சொல்வது. தெற்குக் கரையில் பிரம்மஞான சபைத் தோப்பும் ஊரூர் குப்பமும். வடக்குக் கரையில் சீனிவாசபுரமும் பட்டினப்பாக்கமும். நடுவில் உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த ஆழமில்லாத நீர்ப்பரப்பு, மணல்திட்டு, சேற்றுப் படுகை.

ஆழமில்லாதது என்பதைக் கொஞ்சம் அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். இந்த இடத்தின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்காட்டு நவாப் அன்வருத்தீனின் மகன் மாபூஸ் கான், சுமார் பத்தாயிரம் பேர் கொண்ட படையுடன் சாந்தோமுக்குப் பக்கத்தில் அடையாற்றின் வடகரையில் வந்து நின்றார். புதுச்சேரியிலிருந்து பாரதி என்ற தளபதி ஆயிரத்துக்கும் குறைவான ஆட்களோடு தென்கரைக்கு வந்து சேர்ந்தார். (பாரதி என்றதும் நம் மகாகவி நினைவு வரும். இவர் பாரதீஸ் என்ற பிரெஞ்சுக் கேப்டன். நம் ஊர் வாயில் பெயர் இப்படி ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம்!) பாலம் கிடையாது, படகும் கிடையாது. அவருடைய ஆட்கள் ஆற்றில் இறங்கி நடந்தே அக்கரை ஏறினார்கள். பெரிய படை சிதறி ஓடியது. பயிற்சி பெற்ற சிறு படை ஒன்று பெரும் படையை வெல்ல முடியும் என்பதை ஐரோப்பியர்கள் இந்திய மண்ணில் கண்டுகொண்டது இந்த அடையாற்றுப் போரில்தான் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. ஆறு இடுப்பளவுக்கு மேல் ஆழமாக இருந்திருந்தால் கதையே மாறியிருக்கும். துருப்புகளை நடந்து கடக்க விட்ட அதே ஆழமில்லாமைதான் உள்ளான்களை நடந்து மேய விடுகிறது.

பின்னால் வந்தவர்களுக்கு நடந்து கடப்பது போதவில்லை. சைதாப்பேட்டையில் 1726-லேயே உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பணத்தில் மர்மலாங் பாலம் கட்டியிருந்தார். முகத்துவாரத்துக்கு அருகில் 1840-ல் எல்பின்ஸ்டன் பாலம் வந்தது. 1973-ல் அதன் பக்கத்தில் இப்போதைய திரு.வி.க. பாலம். 1882-ல் பிரம்மஞான சபையார் தென்கரையில் ஹட்டில்ஸ்டன் தோட்டத்தை வாங்கிக் குடிவந்தார்கள். அந்தத் தோட்டம் பிறகு பெருகி, இன்றுவரை தென்கரையைக் கட்டடம் இல்லாமல் காப்பாற்றி வருகிறது. ஆற்றங்கரை ஓரம் முழுக்க ஒரு தனியார் தோப்பாக இருந்தது பறவைகளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றால் மிகையாகாது.

கடலை ஒட்டி நிற்கும் 'உடைந்த பாலம்' நமக்கெல்லாம் சினிமாப் பாட்டுகளில் பழக்கம். 1967-ல் கட்டி, 1977-ல் வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்டது. பத்து வருஷம்தான் ஆயுள்! அதன் பிறகு அதை யாரும் ஒட்டவில்லை. முகத்துவாரம் என்பது ஒரே இடத்தில் நிற்கிற சமாச்சாரம் இல்லை என்பதைச் சிவில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அதைவிட நல்ல பாடம் தேவையில்லை.

மணல்

நம் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காலத்து அலை மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காலத்து அலை தெற்கே தள்ளும். வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். 1876-ல் துறைமுக வேலை தொடங்கிக் கடலுக்குள் சுவர் நீண்டபோது, வடக்கே போக வேண்டிய மணல் சுவரின் தெற்கே தங்கியது. மெரினா அகன்றது. சுவருக்கு வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. மாலையில் சுண்டல் சாப்பிட நமக்கு இவ்வளவு பெரிய மணல்வெளி கிடைத்தது அந்தக் காலத்து என்ஜினீயர்கள் போட்ட சுவரால்தான்.

அதே மணல் ஓட்டம்தான் அடையாற்றின் வாயையும் அடைக்கிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் மணலை உடைத்துக்கொண்டு போகும். கோடையில் ஆற்றில் வேகம் இல்லாதபோது அலை மணலைக் குவித்து வாயை மூடிவிடும். வாய் திறந்திருந்தால் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை உள்ளே ஏறி இறங்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை ஆறு மணிக்குச் சேறு தெரிந்தால் நாளை ஆறு ஐம்பதுக்குத்தான் அப்படித் தெரியும். வாய் மூடிக்கொண்டால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தண்ணீர் தேங்கும், நாறும், சேறு வெளியே தெரியாது. விருந்தாளிகளுக்கு இலை போட இடம் இருக்காது.

சேறு எப்படிச் சோறு போடுகிறது?

சேறு என்றால் நமக்கு அழுக்கு. கையளவு அள்ளிச் சலித்துப் பார்த்தால்தான் தெரியும். புழு, குட்டி நண்டு, சின்னச் சிப்பி, நத்தை என்று உள்ளே ஒரு கூட்டமே குடியிருக்கிறது. ஆறு கொண்டு வரும் வண்டலும் கடல் கொண்டு வரும் உப்பும் சேருமிடத்தில் இவை பெருகும். கடல் இறங்கிய நாலைந்து மணி நேரம் அந்தச் சமையலறையின் கதவு திறக்கும்.

நாம் மண் பரிசோதனைக்குத் துளை போடும்போது ஒரு மீட்டருக்கு ஒரு வகை மண் என்று குறித்துக்கொண்டு போவோம் இல்லையா? இந்தப் பறவைகளும் அப்படித்தான். உப்புக்கொத்திகளுக்கு அலகு குட்டை, கண் பெரிது. ஓடும், சட்டென்று நிற்கும், மேலே தெரிவதைக் கொத்தும். கொசு உள்ளானுக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான அலகு. அது தையல் மெஷின் மாதிரி மேல்படிவத்தைக் குத்திக்கொண்டே போகும். பவளக்கால் உள்ளானும் பச்சைக்கால் உள்ளானும் கணுக்காலளவு நீரில் இறங்கித் தேடும். நெடுங்கால் உள்ளான் முழங்கால் அளவு நீரில் ஒயிலாக நடக்கும். கருவால் மூக்கன் முகம் முங்கும்வரை அலகை இறக்கும். பெரிய கோட்டானின் வளைந்த அலகு பதினைந்து சென்டிமீட்டர் வரை போகும்; நண்டு வளைக்குள் விட்டு நண்டைத் திருகி எடுத்துவிடும். ஒரே சேறு, ஆனால் ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு கட்சி. நம் மெஸ்ஸில் பல பேட்ச் ஒரே நேரத்தில் சாப்பிட்டும் சண்டை வராமல் இருந்ததா? இங்கே இருக்கும்.

இவை வரும் தூரம்தான் ஆச்சரியம். கொசு உள்ளானின் எடை 20 முதல் 30 கிராம். ஒரு எலுமிச்சம்பழம்கூட அதைவிடக் கனம். ஜூன், ஜூலையில் மரமே முளைக்காத வட துருவ ஓரத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, சுமார் 7,000 கிலோமீட்டர் தாண்டி நம் ஊர்ச் சேற்றுக்கு வருகிறது. இதில் ஒரு விசேஷம். கடற்கரைப் பறவைகள் பலவற்றில் பெரிய பறவைகள் முதலில் கிளம்பிவிடும். அந்த வருஷத்துக் குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழி காட்ட ஆளில்லாமல் தாமாகவே வந்து சேரும். சீனியர்கள் போன பாதையை ஜூனியர்கள் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து வருவது! நம் சங்கக் கூட்டத்துக்கு அட்ரஸ், மேப், மூன்று ரிமைண்டர் அனுப்பியும் பாதிப் பேர் வருவதில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

பறவை பருவந்தோறும் திசை மாறிப் போகும் என்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. தென் குமரிக் கடலில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் நாரையைக் கூப்பிட்டு, வழியில் இருக்கும் தன் மனைவியிடம் தூது சொல்லச் சொன்ன சத்திமுத்தப் புலவரை நாம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். எங்கிருந்து எங்கே என்பதைக் காலில் வளையம் மாட்டித் துல்லியமாய்ப் பார்க்கும் வேலையை டாக்டர் சாலிம் அலி 1959-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மூலம் பெரிய அளவில் தொடங்கினார். நம் கோடியக்கரை அந்த வேலையின் முக்கியமான களங்களில் ஒன்று. அங்கே வளையம் மாட்டிய பறவைகளில் சில அன்றைய சோவியத் நாட்டில் கிடைத்தன. சந்தேகம் தீர்ந்தது.

எண்ணியவர்கள்

இந்த முகத்துவாரத்தின் சரித்திரத்தை மூன்று கைகள் எழுதியிருக்கின்றன என்பது என் எண்ணம். ஒன்று, வரைபடம் போட்டவர்கள் கை. இரண்டு, மணலும் கல்லும் கொண்டுவந்து கட்டியவர்கள் கை. மூன்றாவது, ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு கரையில் உட்கார்ந்து பறவையை எண்ணியவர்கள் கை. முதல் இரண்டு கைகளுக்கும் சேறு என்பது காலியிடம். மூன்றாவது கைதான் 'இங்கே ஆள் குடியிருக்கிறது' என்று எழுதி வைத்தது.

வெள்ளைக்காரர் காலத்தில் பறவை என்றால் பெரும்பாலும் துப்பாக்கிதான். உள்ளான் சுடுவது துரைமார்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவர்களிலும் ஒழுங்காகக் குறித்து வைத்தவர்கள் உண்டு. சென்னைப் படையில் டாக்டராக 1836-ல் வந்த டி.சி. ஜெர்டன், தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை 1839 முதல் சென்னையிலிருந்து வந்த ஓர் இலக்கிய, விஞ்ஞானப் பத்திரிகையில் தொடராக வெளியிட்டார். பிறகு 1862-64-ல் வந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூலில் பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். 'என்ன பேர்?' என்று நம் ஊர் ஆட்களை நின்று கேட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

நம்மவர்களில் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். மயிலாப்பூர்வாசி. 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தியை விடாமல் எழுதினார். தமிழிலும் அழகாக எழுதியவர். காட்டுக்குப் போனால்தான் இயற்கை என்றில்லை, தெருவிலும் கொல்லைப்புறத்திலும் பார்க்கலாம் என்பதை அவரைப் போல் எடுத்துச் சொன்னவர்கள் குறைவு.

1978-ல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி தொடங்கிய பிறகு அடையாற்று முகத்துவாரத்துக்கு நிரந்தரமான கண்காணிப்பு கிடைத்தது. அந்த வட்டத்தைச் சேர்ந்த வி. சாந்தாராம், இளைஞராக இருந்த காலத்திலிருந்தே இந்தச் சேற்றுக்குத் திரும்பத் திரும்ப வந்து, என்ன பறவை, எத்தனை, எந்த மாதம் என்று எழுதி வைத்தார். பிற்காலத்தில் ரிஷிவேலியில் பறவை ஆய்வைத் தொடர்ந்தவர். 1987-ல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியும் நாடு முழுவதும், பிறகு ஆசியா முழுவதும், ஆர்வலர்கள் ஏரி, குளம், கழிமுகம் என்று போய் எண்ணுவார்கள். சம்பளம் இல்லை, சர்டிபிகேட் இல்லை, பல இடங்களில் டீக்கடைகூட இல்லை!

1988-ல் சில மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரப்படுத்துவார்கள். மாணவர்களால் மாணவர்கள் நடத்துவது. ஒரு பேட்ச் போனால் அடுத்த பேட்ச் எடுத்துக்கொள்ளும்.

நான் சேற்றுக்கு வந்தது அந்த வழியில்தான். இரண்டாம் வருஷம் படிக்கும்போது, 2008 பிப்ரவரியில், ஹாஸ்டல் பசங்க ஆறு பேர் ஆமை நடைக்குப் போனோம். நடை முடிய அதிகாலை நாலு மணி. பஸ் வர நேரமிருந்ததால், 'வாங்கடா, உடைஞ்ச பாலம் வரைக்கும் போய்ட்டு வரலாம்' என்று ஒரு சீனியர் இழுத்துக்கொண்டு போனார். விடிந்தபோது கடல் இறங்கியிருந்தது. சேறு நகர்கிற மாதிரி இருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தால் சேறு அல்ல, கொசு உள்ளான்கள். சீனியர் பையிலிருந்து ஒரு பழைய பைனாகுலரை எடுத்து எங்களிடம் கொடுத்தார். வலை காயப்போட வந்த ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "எதுனா தொலைச்சிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். பறவை பார்க்கிறோம் என்றதும், "அதா? மழை முன்னாடி வரும், வெயில் முத்தினா போய்டும். முன்னெல்லாம் இன்னும் சாஸ்தி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அதன்பின் 2010-ல் படிப்பு முடியும்வரை, மாதம் இரண்டு ஞாயிறு சைக்கிள் மிதித்துப் போனோம். கடல் இறங்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும் என்பதால் ஓத அட்டவணை படிக்கக் கற்றோம். ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் புரியாதது அங்கே புரிந்தது. பெரிய கூட்டத்தை எப்படி எண்ணுவது என்று சீனியர் சொல்லிக் கொடுத்தார்: முதலில் பத்து பறவையை எண்ணு; அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கு; பிறகு பத்துப் பத்தாய்த் தாண்டிப் போ. செங்கல் அடுக்கை எண்ணுகிற மாதிரிதான்! மார்ச் கடைசியில் சில பறவைகளின் நெஞ்சு செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பத் தயாராகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

சுருங்கிய கதை

குப்பத்துப் பெரியவர் சொன்ன 'முன்னெல்லாம் இன்னும் சாஸ்தி' என்பதைத்தான் பழைய நோட்டுகளும் சொல்கின்றன. ஏன் குறைந்தது?

ஒரே ஒரு வில்லன் கிடையாது. நகரம் வளர வளர வடகரையில் குடியிருப்புகள் வந்தன. க்ரீக்கின் ஓரங்கள் மேடாகிக் கட்டடம் ஆயின. சாக்கடை ஆற்றில் கலந்தது. கட்டட இடிபாடுகளை லாரியில் கொண்டுவந்து இரவோடு இரவாகக் கொட்டினார்கள். இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும். சென்னையில் கடலின் ஏற்ற இறக்கம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான். (குஜராத்தில் காம்பே வளைகுடாவில் இது 10 மீட்டர் அளவுக்குப் போகும்.) சேற்றின் சரிவு 200-க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் முழுக்க இறங்கினால் 200 மீட்டர் அகலத்துக்குச் சேறு தெரியும். இதில் கரையோரத்துப் பாதியை, அதாவது 100 மீட்டரை, மேடாக்கித் தரையாக மாற்ற எவ்வளவு மண் வேண்டும்? கரையில் ஆழம் பூஜ்யம், 100 மீட்டரில் அரை மீட்டர். சராசரி கால் மீட்டர். ஆக, கரை நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 25 கன மீட்டர். நாலைந்து லாரி லோடு! அவ்வளவுதான் செலவு. பதிலுக்கு 100 சதுர மீட்டர் புது மனை கிடைக்கிறது. விருந்தாளிக்குப் பாதி இலை போயிற்று. ஆழமான துறைமுகத்தைத் தூர்க்கப் பெரிய திட்டம் வேண்டும். ஆழமில்லாத இடத்தைத் தூர்க்க நாலு லாரியும் யாரும் பார்க்காத ஒரு ராத்திரியும் போதும்.

யாரும் பார்க்காத என்றேன். பார்த்தவர்களும் இருந்தார்கள். 1990-களிலேயே குடிமக்கள் அமைப்புகள் க்ரீக்கைக் காப்பாற்றக் கோர்ட்டுக்குப் போயின. பல வருஷ இழுபறிக்குப் பிறகு, குப்பையும் இடிபாடும் நிறைந்து கிடந்த க்ரீக்கின் 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, தோண்டி, நீர் விட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். தூர்த்ததைத் திரும்பத் தோண்டவும் முடியும் என்று நகரம் கற்றுக்கொண்டது அப்போதுதான். தோண்டுவதற்கு ஆன செலவு நாலு லாரி லோடு அல்ல என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டிருக்கும்.

இயற்கையும் இரண்டு முறை நினைவூட்டிவிட்டுப் போனது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி சீனிவாசபுரத்துக் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கியதை நம்மில் பலர் மாடியில் நின்று பார்த்தோம். வெள்ளம் பரவி அடங்க ஆற்றுக்கு அகலமான வாயும் தாழ்வான ஓரங்களும் தேவை. அந்தத் தாழ்வான ஓரத்துக்குத்தான் உள்ளான் சேறு என்று பெயர். ஹைட்ராலிக்ஸில் வெள்ளப் பரப்பு என்று பெயர். இரண்டும் ஒரே நிலம்.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் வந்தது. 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. 2011-ல் அதைத் திருத்தி எழுதியபோது, உயிரினங்கள் வாழும் சேற்றுப் படுகைகளைப் பெயர் சொல்லியே முதல் வகைப் பாதுகாப்பில் சேர்த்தார்கள். ஆனால் சட்டப் புத்தகத்தில் சேறு இருந்தால் போதாது. வரைபடத்திலும் இருக்க வேண்டும். இதை நான் என் வேலையிலேயே பார்த்தேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் டிசைன் ஆபீசுக்கு ஒரு சாலைத் திட்டத்தின் வரைபடம் வந்தது. தமிழ்நாட்டுக் கரையில் வேறொரு சின்னக் கழிமுகம். ஆற்றோரத்தில் ஒரு நீளமான பட்டை மஞ்சள் வண்ணத்தில், 'வேஸ்ட் லேண்ட்' என்ற பெயரோடு இருந்தது. ஜல்லியும் மண்ணும் கொட்டி வைக்கும் யார்டு அங்கேதான் என்று குறித்திருந்தார்கள். அந்தப் பட்டையில் மூன்று ஜனவரிகளில் கணக்கெடுப்புக்கு நின்ற நண்பர்கள் எனக்கு இருந்தார்கள். அவர்களிடமிருந்து தேதி வாரியான எண்ணிக்கைத் தாள்களை வாங்கினேன். ஓத அட்டவணையை வைத்து உயர் ஓதக் கோடும் தாழ் ஓதக் கோடும் எங்கே வரும் என்று வரைந்து, இரண்டையும் இணைத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். மீட்டிங்கில் ஒருவர், "நாலு குருவிக்காக யார்டை மாத்தணுமா சார்?" என்று கேட்டார். நான் பறவையைப் பற்றி அங்கே பேசவில்லை. "தினமும் ரெண்டு தடவை தண்ணி ஏறுற இடத்துல ஜல்லி கொட்டினா ஜல்லி யாருக்குச் சொந்தம் சார், நமக்கா கடலுக்கா?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த திருத்தப் பிரதியில் மஞ்சள் பட்டை 'ஓதச் சேற்றுப் படுகை' என்று பெயர் மாறி வந்தது. யார்டு மேட்டுப் பக்கம் போயிருந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஒரு வரைபடத்தில் ஒரு சொல் மாறியது. அதை மாற்றியது என் சாமர்த்தியம் இல்லை. யாரோ மூன்று பேர் மூன்று ஜனவரிகளில் விடியற்காலையில் எழுந்து போய் எழுதி வைத்த எண்கள்.

இன்றைய மாணவர்களுக்கு

தம்பி தங்கைகளே, இந்தக் கட்டுரையை மெஸ் வரிசையில் நின்று புரட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இயற்கையைக் காப்பாற்றுங்கள் என்று மொட்டையாகச் சொல்லப் போவதில்லை. எண்ணுங்கள் என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு ஜனவரியும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015-லிருந்து பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்று தமிழ்நாட்டு ஆர்வலர்கள் தனியாகவும் நடத்துகிறார்கள். கரும்பு கடித்துக்கொண்டே கலந்துகொள்ளலாம். இப்போது நோட்டும் பேனாவும்கூட வேண்டாம், செல்போனிலேயே பதிவு செய்துவிடலாம். கல்லூரியில் ஒரு சின்னக் குழு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடம், ஒரே பாதை, ஒரே ஓத நேரம். ஒரு பேட்ச் வெளியே போகும்போது தாளை அடுத்த பேட்ச்சிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு வருஷ எண்ணிக்கை வெறும் பொழுதுபோக்கு. பத்து வருஷ எண்ணிக்கை சாட்சி. நாளைக்கு யாராவது ஒரு வரைபடத்தில் அந்த இடத்துக்குக் 'காலி' என்று பெயர் வைத்தால், எதிரே வைக்க நம்மிடம் வேறு எதுவும் இருக்காது.

அதிலும் நம் கல்லூரி மாணவர்களுக்கு இதில் கடமை அதிகம். நாளைக்கு வரைபடம் போடப் போகிறவர்கள் நீங்கள்தான். உங்கள் மேசைக்கு வரும் தாளில் நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு பட்டை தெரிந்தால், அதற்குப் பெயர் எழுதுமுன் ஒரு தடவை ஷூவைக் கழற்றிவிட்டு அங்கே போய் இறங்கிப் பாருங்கள். கடல் இறங்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

பைனாகுலர் இல்லையென்றால் கவலை வேண்டாம். நம் பேட்ச் நண்பர்கள் சேர்ந்து இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். சந்திப்பு நாளன்று சங்க அலுவலகத்தில் ஒப்படைக்கிறோம். கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

விருந்தாளிகள் ஆகஸ்டு கடைசியில் வந்து இறங்குவார்கள்.